சத்தத்தை நிறுத்திப் பார்த்த படம்

அன்பு மகளுக்கு,

நீ எடுத்த படத்தை ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பங்குக் கூடத்தில் போட்டார்கள். நல்ல கூட்டம். படத்தின் கடைசியில் நான் கடலைப் பார்த்து நிற்கிறேன். அப்போது உன் குரல் வருகிறது: "சுனாமியில் போன அப்பாவுக்காக அம்மா இன்னும் காத்திருக்கிறாள்." கூடமே அழுதது. பக்கத்து வீட்டு ஆரோக்கியம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உம் மவ உன் மனச அப்படியே சொல்லிட்டாடி" என்றாள். நானும் அழுதேன்.

மறுநாள் போனில் சத்தத்தை நிறுத்திவிட்டு அதே இடத்தைப் பார்த்தேன். அதில் நான் சிரிக்கிறேன். லேசாகத்தான், ஆனால் சிரிப்புதான். கூடத்தில் ஒருவருக்கும் அது தெரியவில்லை, எனக்கும்கூட. ஆரோக்கியத்திடம் காட்டினேன்.

"ஆமா, யாரப் பாத்துச் சிரிக்கிற?" என்றாள்.

லூர்துசாமியின் படகு அப்போது கரைக்கு வந்துகொண்டிருந்தது. மனைவியை இழந்தவர், உனக்கும் தெரிந்தவர்தான். படம் எடுத்த அன்றைக்கே சொல்லியிருக்கலாம். நீ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

வெகுகாலம் அப்பாவுக்காகக் காத்திருந்தது உண்மை. அதை நீ தப்பாகச் சொல்லவில்லை.

வரும் ஞாயிறு எனக்கும் அவருக்கும் கல்யாணம் என்று கோயிலில் ஓலை வாசிக்கிறார்கள். யாருக்காவது தடை இருந்தால் சொல்லலாம் என்று சாமியார் கேட்பார். உனக்கு இருந்தால் நேரில் வந்து, என் முகத்தைப் பார்த்துச் சொல்.

உன் அம்மா