பதினோராம் எண் வீட்டில் எத்தனை பேர்?

மார்ச் 3, 1908, செவ்வாய்

கறுப்பு மை தீர்ந்துவிட்டது. மஞ்சள் புட்டி அப்படியே இருக்கிறது.

இரும்பாலைச் சந்தின் வரைபடம் முக்கால்வாசி முடிந்தது. ஓர் அறைக்கு இரண்டு பேர் வரை தூங்கினால் அந்த வீட்டுக்கு மஞ்சள். நாலுக்குக் குறைவென்றால் நீலம். நாலும் அதற்கு மேலும் கறுப்பு. பிப்ரவரி முழுக்க வீடு வீடாக ஏறி நான் கேட்டு எழுதிய கணக்கு. இதைப் பார்த்த பிறகு நகரசபை புது வீட்டுச் சட்டத்தை மறுக்க முடியாது என்கிறார் மிஸ் தேயர். எங்கள் சேவை இல்லத்தை நடத்துபவர். பதினோரு வருடமாக அவர் நம்புவதைத்தான் நானும் நம்பி வருகிறேன்.

"கறுப்பு நெறைய இருக்கு லிடியா. ரொம்ப நல்லது."

எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. எதற்குச் சந்தோஷப்பட்டேன் என்று பிறகுதான் யோசித்தேன்.

மார்ச் 5

விரலில் மை போகவே இல்லை.

மார்ச் 9

வீடுகளுக்குள் நான் எடுத்த புகைப்படங்கள் பெரிதாக்கி வந்தன. சுவரில் வரிசையாகக் குத்தினேன். ஒன்பது, பதினொன்று, பதினாலு – மூன்று வீட்டு அடுப்படியிலும் ஒரே ஆள்! உலைத் தீயில் பாதி மீசை கருகியவன். பதினாலில் தொப்பியைக் கழற்றியிருக்கிறான், அவ்வளவுதான். மூன்றும் ஒரே மதியம் எடுத்தவை.

எப்படிக் கவனிக்காமல் விட்டேன்? மிஸ் தேயரிடம் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை?

மார்ச் 10

பதினோராம் எண்ணுக்குப் போனேன். ஆலை வேலைக்காகக் கடல் கடந்து வந்த குடும்பம்; சூசானா ஹ்ராப்சாக் என் இங்கிலீஷ் வகுப்புக்கு வருபவள். முட்டைக்கோஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். படத்தை நீட்டினேன். சிரித்துவிட்டாள்.

"ஐயோ, ஓன்ட்ரேய்! பின்கதவு வழியா ஓடு ஓடுன்னு ஓடினான். அந்த மீசையை மழிச்சுத் தொலைடான்னேன், கேட்டாத்தானே."

"ஏன் இப்படிப் பண்ணினீங்க?"

"ஆலை மூடிக் கிடந்தப்போ தர்ம சங்கத்து அம்மாங்க வந்தாங்க. எத்தனை தலைன்னு எழுதிட்டுப் போனாங்க. தலைக்கு ஒரு வாளி நிலக்கரி வந்துச்சு. அடுத்த மாசம் நீங்க வந்தீங்க. அதே நோட்டு, அதே மாதிரி தொப்பி."

"நான் எதுக்குக் கேக்கறேன்னு சொன்னேனே."

"சொன்னீங்க டீச்சரம்மா. அவங்களுந்தான் என்னமோ சொன்னாங்க."

நான் எழுதியது பதிமூன்று. உண்மையில் ஏழு பேர் – அவள், புருஷன், இரண்டு மகள்கள், படுக்கைக்கு வாடகை கொடுத்துத் தங்கும் ஆலை ஆட்கள் மூன்று பேர். இரண்டு அறைகள். அப்படியென்றால் இந்த வீடு நீலம்.

"ஏழு பேர் உங்களுக்குப் போதாதா?" என்று கேட்டாள்.

சேவை இல்லத்தில் எனக்குத் தனி அறை. எழுந்து வந்தேன்.

மார்ச் 13

மிஸ் தேயர் மாடிப்படியிலேயே கூவினார். சட்டம் வரும்வரை காத்திருக்கப் போவதில்லையாம். நாங்கள் அனுப்பிய வரைபடத்தில் கறுப்பாக இருக்கும் வீடுகளைக் காலி செய்ய நகரசபை நோட்டீஸ் அனுப்புகிறது. பட்டியலில் பதினொன்றும் இருக்கிறது.

"அவங்க எங்க போவாங்க?"

"நல்ல வீடா கட்டுவாங்க."

"எப்போ?"

"இதை நீயா கேக்கறே?"

மீசைக்காரனைக் காட்டினேன். படத்தை வாங்கிப் பார்த்தார். "நீ பொய் சொல்லல. அவங்க சொன்னதை எழுதினே. ஒரு தப்பு கிடைச்சாப் போதும், வீட்டுக்காரங்க வக்கீல் நம்ம பேச்சு மொத்தத்தையும் குப்பையில போட்டுடுவான். அப்புறம் அந்தச் சந்து இன்னும் இருபது வருஷம் இப்படியேதான் கிடக்கும்" என்றார்.

அவர் சொல்வதில் என்ன தவறு? ஒன்றும் இல்லையே.

மார்ச் 16

தொப்பி, நோட்டு எதுவும் இல்லாமல் மறுபடி சந்துக்குள் போனேன்.

ஆறாம் எண் திருமதி கோஸ்டெல்னிக். மஞ்சள் வீடு, இரண்டு அறை, நாலு பேர். 'பாருங்கள், நெரிசல் இல்லாமலும் வாழ முடியும்' என்று எல்லோருக்கும் காட்டிய வீடு. பிப்ரவரியில் உள்ளறைக் கதவை அவள் திறக்கவில்லை, நானும் மரியாதைக்கு விட்டுவிட்டேன். இன்று திறந்தாள். பதினோரு பேர்!

"வீட்டுக்காரன் அனுப்பின ஆளுன்னு நெனச்சேன். அவன்கிட்ட போட்டுக் குடுத்துடாதீங்க" என்றாள்.

கணக்கைத் திருத்தினால் சூசானா பிழைப்பாள், கோஸ்டெல்னிக் தெருவுக்கு வருவாள். திருத்தாவிட்டால் சூசானா. மையும் தூரிகையும் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறேன் நான்? யார் கொடுத்தது எனக்கு இதை?

மார்ச் 18

சூசானா வந்தாள். நோட்டீஸை என்னிடமே கொடுத்துப் படிக்கச் சொன்னாள். அவளுக்கு வாசிக்கத் தெரியும், நான்தானே கற்றுக்கொடுத்தேன்.

"பொய் சொன்னது நான்தான்னு நகரசபைக்கு வந்து சொல்லட்டா?"

வேண்டாம் என்றேன். யாருக்காக வேண்டாம் என்றேன், தெரியவில்லை.

மார்ச் 20, வெள்ளி

நகரசபை விசாரணை. வரைபடத்தைக் கோலால் தொட்டுத் தொட்டு விளக்கினேன். வீட்டுக்காரர்களின் வக்கீல் எழுந்தார், மரியாதையாகத்தான்.

"மேடம், இதெல்லாம் நீங்க கண்ணால பாத்து எண்ணினதா?"

மிஸ் தேயர் என்னையே பார்த்தார். கடைசி வரிசையில் சூசானா, சர்ச்சுக்குப் போடும் சால்வையோடு.

"இல்ல. கேட்டு எழுதினது. சிலது கூட இருக்கு, சிலது குறைச்சலா இருக்கு."

"எது எதுன்னு சொல்ல முடியுமா?"

"மாட்டேன். ஆனா முப்பத்தெட்டு பேருக்கு ஒரே கக்கூஸ். அதை நானே எண்ணினேன்."

சிரித்தார்கள். கக்கூஸ் என்றதற்கா, ஒன்றே ஒன்று எண்ணியதற்கா?

நோட்டீஸ்கள் எல்லாம் நிறுத்தம். கண்ணால் பார்த்து மறுபடி எண்ண வேண்டுமாம். அதுவரை சட்டமும் இல்லை.

நான் நல்லது செய்தேனா?

மார்ச் 21

சாப்பாட்டு மேஜையில் மிஸ் தேயர் ரொட்டித் தட்டை என் பக்கம் நகர்த்தினார். முகத்தைப் பார்க்கவில்லை. "பதினோரு வருஷம் லிடியா" என்றார், அவ்வளவுதான்.

ஏப்ரல் 2

சேவை இல்லத்தைவிட்டு வந்தாயிற்று. யாரும் போகச் சொல்லவில்லை, இருக்கவும் சொல்லவில்லை. செப்டம்பரில் பள்ளிக்கூட வேலை கிடைக்கும்வரை சூசானா வீட்டில். அவள் மகள்களோடு ஒரே கட்டில். சின்னவள் தூக்கத்தில் உதைக்கிறாள்.

ஜூன் 9, செவ்வாய்

எண்ண வந்துவிட்டாள். புதுப் பெண், இப்போதுதான் கல்லூரி முடித்தவளாம். நோட்டு, தொப்பி. கதவு கதவாகத் திறந்து பார்த்தாள். மூடிய கதவை மரியாதைக்கு விடுகிறவள் இல்லை. நன்றாகச் செய்கிறாள்.

"இந்தக் கட்டில்ல?"

"என் பொண்ணுங்க ரெண்டும்" என்றாள் சூசானா.

"மொத்தம்?"

சூசானா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. "ஏழு."

பென்சில் என் பக்கம் நீண்டது. "அப்ப நீங்க?"

நான் மாவு பிசைந்துகொண்டிருந்தேன். இரண்டு அறையில் எட்டுப் பேர் என்றால் அறைக்கு நாலு. நிறம் எனக்குத் தெரியும்.

"பன்னிரண்டாம் எண்" என்றேன். அங்கே ஒற்றை அறை, விதவை தனியாள். நான் சேர்ந்தாலும் மஞ்சள்தான்.

"சரி, அடுத்து அங்கதான் வரேன்" என்று எழுதிக்கொண்டாள்.

பின்கதவு வழியாக ஓடினேன். கையெல்லாம் மாவு.