எங்கள் தெருவில் விழுந்த ஓட்டு

1946 மார்ச் 9
குளத்தங்கரையில் என் தோசைக்கடைக்கு இன்று நீலப் பெட்டிக்காரர், சிவப்புப் பெட்டிக்காரர் இரண்டு பேரும் வந்து கும்பிட்டார்கள். இந்தத் தேர்தலில் நிற்கிறவர் ஒவ்வொருவருக்கும் ஒரு நிறத்தில் ஓட்டுப் பெட்டி. எழுதப் படிக்கத் தெரியும் என்று மனுப் போட்டு ஓட்டுரிமை வாங்கியவள் நான். வீட்டுக்காரருக்கு எழுத்தும் வராது, வரி கட்டச் சொத்தும் கிடையாது. ஓட்டும் இல்லை.
"இன்னாய்யா, ஓட்டுக்காரி வரா, வழி வுடு!" என்றேன். தன் ஜட்கா வண்டிக் குதிரைக்குப் புல் போட்டுக்கொண்டே சிரித்தார்.

மார்ச் 14
பெண்களை ஓட்டுப் போட அழைத்துப் போக வீட்டுக்காரரின் ஜட்காவை நீலப் பெட்டிக்காரர் வாடகைக்குப் பேசிவிட்டார். வண்டி முழுக்க நீலத் துணி. குதிரைக்குக் கல்யாணமா என்று கேட்டேன்.

மார்ச் 17
சிவப்புப் பெட்டி ஆட்கள் வண்டியைக் கல்லால் அடித்தார்கள். வீட்டுக்காரருக்கு நெற்றியில் தையல். எறிந்தவன் கபாலி. தினமும் என் கையால் தின்கிறவன் — எப்படிடா மனசு வந்துச்சு?

மார்ச் 18
எதுவும் நடக்காதது போலக் கபாலி வந்து பெஞ்சில் உட்கார்ந்தான்.
"உனக்கு ஓட்டு கீதாடா?"
"எனக்கா? இல்லக்கா."
"அப்ப இன்னாத்துக்குடா கல்லு?"
"கல்லு வுடறதுக்கு எழுதப் படிக்கத் தெரியணுமா இன்னா?"
பாவி, எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு குரலைத் தாழ்த்தினான். "நாளிக்கு ஓட்டுப் போட இந்தத் தெருப் பொம்பளைங்க யாரும் வெளிய வராதீங்க. உனக்கும் சேத்துதான் சொல்றேன்க்கா."
தோசை கருகிவிட்டது.

மார்ச் 19
வண்டி ஓடவில்லை. எதிர்வீட்டு சீதாவுக்கும் ஓட்டு உண்டு. "நான் வரலைடி வடிவு, ஆத்துல விடமாட்டேங்கறா" என்று கதவைச் சாத்திக்கொண்டாள். வீட்டுக்காரரும் போகாதே என்றார். நடந்தே போனேன்.
அதிகாரி, புருஷன் பெயர் என்ன என்றார். வாயால் எப்படிச் சொல்வது? சிவப்புப் பெட்டி ஏஜெண்டு, "பேர் சொல்லலைன்னா இவ வேற ஆளு சார், அனுப்புங்க!" என்று குதித்தான். பென்சில் கேட்டு வாங்கி எழுதினேன்: வெள்ளைச்சாமி. எழுத்தெல்லாம் கோணல். சீட்டை நீலப் பெட்டியில் போட்டேன்.
எங்கள் தெருவிலிருந்து வந்த ஒரே பெண் நான்தானாம்.

மார்ச் 20
வீட்டுக்காரர் தன் பெயரை எழுதிக் காட்டச் சொன்னார். ரொம்ப நேரம் பார்த்தார். "இம்மாம் நீளமா நானு?"

மார்ச் 27
சிவப்பு ஜெயித்தது.

மார்ச் 28
மேளத்தோடு ஊர்வலம். ஜெயித்தவர் கடை முன்னால் நின்று, "இந்தத் தெருத் தாய்மார்கள் ஓட்டாலதாம்மா ஜெயிச்சேன்" என்று கும்பிட்டார். சீதா உட்பட எல்லோரும் வாசலில் நின்று பதிலுக்குக் கும்பிட்டார்கள்.
என் வாய் சும்மா இருக்குமா?
"இந்தத் தெருவுல பொம்பளை ஓட்டு ஒண்ணுதான் சாமி விழுந்துச்சு. அதுவும் நீலத்துல கீது."
யாரும் சிரிக்கவில்லை. கபாலி என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்தான்.

மார்ச் 29
காலையிலிருந்து ஒருத்தரும் தோசைக்கு வரவில்லை. மாவு அப்படியே இருக்கிறது. கேலி செய்யக்கூட ஆள் இல்லை. சாயந்திரம் வீட்டுக்காரர் வண்டியைக் கடை முன்னாலேயே நிறுத்தினார். நெற்றிக் கட்டோடு பெஞ்சில் தனியாக உட்கார்ந்து நான்கு தோசை தின்றார். வயிறு நிறைந்த மனிதர், தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினார்: "இன்னொண்ணு போடும்மே!"