ஒரு விரல் தள்ளி

ஏப்ரல் 6, ஞாயிறு

கொட்டகையில் மூன்றாவது பல்பும் மாட்டியாயிற்று. "இன்னும் வெளிச்சம் பத்தல, மார்லிஸ்" என்கிறான் என் கணவன் ஓரின். அளவு டேப்பின் எண்களை நான்தான் படித்துச் சொல்கிறேன். குறை பல்பில் இல்லை என்று இருவருக்கும் தெரியும். அவன் பார்வையின் நடுவில் ஒரு கறை. குளிர்காலத்தில் இருந்ததைவிடப் பெரிதாகிவிட்டது.

அவனுடைய கார் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தெட்டாம் வருடத்தது. முன்சட்டம் தனி, பின்சட்டம் தனி, நடுவே வெறும் தகடு. வேகமெடுத்தால் உடம்பே முறுக்கிக்கொள்கிறது. கதவைத் தூக்கித்தான் சாத்த வேண்டும். அடியில் பக்கத்துக்கு ஒரு இரும்புக் குழாய் வைத்து இரண்டு சட்டங்களையும் இணைக்கப் போகிறான். முப்பத்தோரு வருடம் பாலங்களுக்கு வெல்டிங் வைத்தவன். இது ஒரு வேலையா அவனுக்கு?

ஏப்ரல் 12, சனி

பக்கத்து வீட்டு க்ளெம் வந்து காரைச் சரிவுப் பலகைகளில் ஏற்றிக் கொடுத்தான். பாரம் நான்கு சக்கரத்திலும் சமமாக இருக்க வேண்டுமாம். "கோணலா நிக்கும்போது பத்த வச்சா காலத்துக்கும் கோணல்தான், உன்னை மாதிரி" என்றான். "உன் மூக்கையும் சேர்த்துப் பத்த வைக்கிறேன், இரு" என்றான் ஓரின். ரொம்ப நாள் கழித்துச் சிரித்தான்.

ஏப்ரல் 13, ஞாயிறு

வெல்டிங் முடிந்தது. தீயணைப்பானைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவன் கை நடுங்கவில்லை, அதே பழைய நிதானம். ஆனால் இடப்பக்கக் குழாயில் வெல்டு இணைப்பின் மேல் போகவில்லை. ஒரு விரல் தள்ளி, வெறும் தகட்டின் மேல், அழகாக, நேராகப் போயிருக்கிறது.

"எப்படி வந்திருக்கு?"

"நல்லா வந்திருக்கு."

ஏன் அப்படிச் சொன்னேன்?

ஏப்ரல் 14

சொல்லவில்லை.

ஏப்ரல் 16, புதன்

மே மாதக் கால் மைல் கார்ப் பந்தயத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டான். அவனே ஓட்டுவானாம். "கோடு நேராத்தானே போகுது, கண்ணு எதுக்கு?" அந்தக் குழாய் எதையும் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. நான் என்ன செய்ய? சொன்னால் அவனிடம் மிச்சமிருப்பதையும் பிடுங்கியதாகும். சொல்லாவிட்டால் — கடவுளே.

ஏப்ரல் 19, சனி

ஓரின் முடிவெட்டப் போன நேரத்தில் க்ளெமைக் கூப்பிட்டுக் காட்டினேன். காருக்கடியில் படுத்தவன் வெளியே வர நேரமாயிற்று. "செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரி போறீங்கல்ல? சாவியைக் குடுத்துட்டுப் போ. அறுத்துட்டு நான் வச்சிடறேன். அவனுக்குத் தெரிய வேணாம்." கொடுத்துவிட்டேன். திருடியது போல இருக்கிறது.

ஏப்ரல் 22, செவ்வாய்

கண்ணில் ஊசி. என் விரல்களை நொறுங்கப் பிடித்துக்கொண்டான். இனி ஓட்டக் கூடாது என்றார் டாக்டர். மற்ற கண்ணிலும் ஆரம்பித்துவிட்டதாம். "அப்ப எங்க வீட்டு நாய்தான் ஓட்டணும்" என்றான் ஓரின். டாக்டர் சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் நேரே கொட்டகைக்குப் போனான். தடுக்க ஒரு சாக்கும் வாயில் வரவில்லை. காருக்கடியில் படுத்துக் குழாயை விரலால் தடவிக்கொண்டே போனான். பாதியில் விரல் நின்றது.

"இது க்ளெம் வச்சது."

"ஆமா."

"நான் வச்சது எவ்ளோ தள்ளிப் போச்சு?"

"ஒரு விரல்."

"அன்னைக்கே பாத்தியா?"

"பாத்தேன்."

எழுந்து உள்ளே போய்விட்டான்.

மே 3, சனி

பதினோரு நாள். உப்பைக் கொடு, கதவைச் சாத்து — அவ்வளவுதான் பேச்சு. திட்டித் தொலைக்கவாவது கூடாதா? பந்தயத்திலிருந்து பெயரை எடுத்துவிட்டானாம். க்ளெம் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

மே 10, சனி

காலையில் சாவியை என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனான். நான் கொட்டகைக்குப் போனபோது ஓட்டுபவருக்குப் பக்கத்து இருக்கையில் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தான்.

"கிளட்சு கடுசு. முழுசா மிதி."

இரண்டு முறை எஞ்சின் அணைந்தது. நெடுஞ்சாலையில் கொஞ்சம் அழுத்தினேன். உடம்பு முறுக்காமல் அப்படியே பாய்ந்தது. அவன் கை கதவின் விளிம்பிலேயே இருந்தது. வயல்கள் வந்ததும் கேட்டான்.

"மக்காச்சோளம் முளைச்சிடுச்சா?"

முளைத்துவிட்டது என்று சொல்லத்தான் நாக்கு எழுந்தது.

"இல்ல. இன்னும் உழவே இல்ல. தண்ணி தேங்கி நிக்குது."

"சரி," என்றான். கொஞ்ச தூரம் போனதும், "அப்புறம் என்ன தெரியுது? சொல்லிக்கிட்டே வா."