காவலில்லாத காட்டுக்குப் போகும் மகளுக்கு

பிரான்காச்சோ, பலேர்மோ
ஐப்பசி, ஞாயிறு

அன்பு மகள் சிவானுஜாவுக்கு,

அம்மா நல்ல சுகம். நானும் சுகம்தான், மானம் மட்டும் கொஞ்சம் நோயாகக் கிடக்கிறது. வெள்ளிக்கிழமை போனில் நீ, காட்டில் கூடாரம் போட்டுத் தங்கப் போவதாகச் சொன்ன பிறகு, அது எப்படியான சாமான் என்று பார்க்க, நான் வேலை செய்யும் வீட்டுக்காரி சிஞ்ஞோராவிடம் பழைய கூடாரம் ஒன்றை இரவல் வாங்கி மொட்டை மாடியில் விரித்து உள்ளே போனேன். வாசல் சிப் இறுகிவிட்டது. கீழ்வீட்டு யாக்கோபு வந்து கத்தரிக்கோலால் வெட்டித்தான் என்னை வெளியே எடுத்தான். உள்ளுக்குப் போகத் தெரிஞ்ச மனிசனுக்கு வெளியாலை வரத் தெரியேல்லை என்று அம்மா பல்லரோ சந்தை முழுக்கச் சொல்லிவிட்டா.

உள்ளே கிடந்த அந்தக் கொஞ்ச நேரம் எனக்குச் சிரிப்பு வரவில்லை மகள். வெயிலில் அந்தத் துணி மணத்த மணம் எனக்குத் தெரிந்த மணம்.

நீ இருக்கும் அமெரிக்காவில் காசு ஒதுக்காமல் அரசாங்கம் மூடிக் கிடப்பதால் காட்டுக் காவலர்கள் வேலைக்கு இல்லை, கழிப்பறை பூட்டு, குப்பை அள்ள ஆளில்லை, ஆனால் காடு திறந்துதான் கிடக்கு அப்பா என்று சிரித்தாய். பார்க்க ஆளில்லாத இடத்தில்தான் ஒழுங்கு கூட வேண்டும். உங்கள் குப்பையை நீங்களே திருப்பிக் கொண்டு வாருங்கள். ஒதுங்குவதென்றால் ஓடைக்கு நன்றாகத் தள்ளிக் குழி வெட்டி மூடு. நெருப்பு மூட்டினால் தண்ணீர் ஊற்றிக் கிளறி, சாம்பல் குளிர்ந்ததைக் கையால் பார்த்த பிறகு எழும்பு. இங்கே மலை எரிந்த கோடையில் எங்கள் சோற்றிலும் புகை மணந்தது. இதெல்லாம் போனிலும் சொன்னேன், ஓம் ஓம் என்றாய்.

சொல்லாதது ஒன்று இருக்கிறது. கஜானன் சித்தப்பா காணாமல் போனவர் என்று மட்டும்தான் உனக்குத் தெரியும். சண்டையில் இடம்பெயர்ந்து வன்னியில் ஒரு வெறுங்காணியில் தறப்பாள் கூடாரம் கட்டி இருந்தோம், வெயிலில் அதுவும் இதே மணம்தான். யார் வந்தது, யார் போனது என்று பதிய அங்கேயும் ஆளில்லை. தண்ணீர்க் கானைத் தூக்கிக்கொண்டு, போட்டு வாறன் அண்ணை என்று சொல்லிப் புறப்பட்டான். கிழக்கே ஒரு கிணறு, மேற்கே ஒரு கிணறு. வெளிக்கிடுகிறவனை எங்கே என்று கேட்டால் போகிற காரியம் சரிவராது என்பது எங்கள் வழக்கம்தானே, நான் கேட்கவில்லை. பிறகு ஷெல் விழுந்தது, இரண்டு பக்கமும். நான் கிழக்கே ஓடினேன். கிழக்கே தேடத் தேட மேற்கிலிருந்து கூப்பிடுவது போலவே இருந்தது. இப்போதும் பஸ்சில் வரும்போது வீதியில் யாராவது கான் தூக்கிப் போனால் எட்டிப் பார்க்கிறேன். அவனுக்கு ஐம்பது நெருங்கும். நான் தேடுவது ஒரு பத்தொன்பது வயதுப் பிடரியை.

பிள்ளையார் உனக்கு முன்னால் நடக்கட்டும். தடித்த சுவெற்றர் எடுத்துப் போ. திரும்பின உடனே அம்மாவுக்குப் போன் அடி, அவ அதை மடியில் வைத்துக்கொண்டுதான் இருப்பா. இந்தக் கடிதத்தையும் அவதான் படம் பிடித்து அனுப்புகிறா.

வெள்ளிக்கிழமை நீயும் போட்டு வாறன் அப்பா என்றாய். நான் சரி மகள் என்று மட்டும் சொல்லிப் போனை வைத்தேன். வாயால் கேட்க இன்னும் பயமாக இருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

எங்கை போறாய், பிள்ளை? எந்தப் பாதையாலை?

உன் அப்பா
அருளம்பலம்