காய்ச்சல் துணி

2024 ஒக்டோபர் 21, திங்கள்

மழை விடவில்லை. கொட்டகலையில் ஏறும்போதே பஸ் நிரம்பியிருந்தது. ஹட்டன் வரைக்கும் யாருடைய ஈரக் குடையோ என் முதுகில். அச்சகத்துக்குள் நுழைந்ததும் எல்லோரும் செய்கிற முதல் வேலை, நனைந்த ஸ்வெட்டரைக் கழற்றி ட்ரையர் மூடிமேல் விரிப்பதுதான். இந்த ஊரில் சூடாக இருக்கிற ஒரே பொருள் அது.

வார்னிஷ் பூசிய கலண்டர் தாளை இந்தக் குளிரில் சும்மா விட்டால் மறுநாளும் விரலில் ஒட்டும். ட்ரையர் பெல்ட்டில் ஏற்றினால் இந்தப் பக்கம் ஈரமாகப் போய் அந்தப் பக்கம் காய்ந்து வரும். உள்ளே தாள் சிக்கினால்தான் தொல்லை. மெஷினை நிறுத்தி மூடியைத் திறக்க வேண்டும். மூடியில் ஒரு லொக், தானாகவே பூட்டிக்கொள்ளும். உள்ளே சூடு இறங்கும்வரை அது விடாது. சிவப்பு லைட்டைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

இன்று சிக்கியது. நிறுத்திவிட்டு மூச்சு விடுவதற்குள் லொக் தானாக விட்டுவிட்டது. பார்த்தால், மூடிமேல் தனுஷனின் ஸ்வெட்டர், சொட்டச் சொட்ட.

போர்மன் செல்லசாமி அண்ணன் சொன்னார்: "மெஷினுக்குக் காய்ச்சலுடா. நெத்தியில ஈரத் துணி போட்டதும் எறங்கிருச்சு."

எல்லோரும் சிரித்தோம். நானும்.

ஒக்டோபர் 24

இப்போது பக்கத்தில் வாளியே வைத்துவிட்டார்கள். தாள் சிக்கினால் ஒருவர் "காய்ச்சல் துணி" என்று கத்துகிறார், இன்னொருவர் நனைத்துப் போடுகிறார். வேலை வேகமாகத்தான் போகிறது.

தனுஷனிடம் கேட்டேன். ட்ரையரில் நிற்பவன் அவன், நான் காய்ந்து வருவதை அடுக்குகிறேன். சூடு பார்க்கிற கம்பி முன்பு உள்ளே இருந்ததாம். போன வருசம் அது எரிந்துபோக, வந்த எலக்ட்ரீசியன் வேறொன்றைக் கொண்டுவந்து மூடியின் வெளிப்பக்கம் முடுக்கிவிட்டுப் போனானாம். ஆக, லொக் பார்ப்பது மூடியின் சூட்டை. உள்ளே இருக்கிற சூட்டை அல்ல. அதனால்தான் ஈரத் துணிக்கு ஏமாறுகிறது.

"அது எல்லாருக்கும் தெரியுமே புள்ள," என்றான். "முதலாளிக்கும் தெரியும்."

எல்லோருக்கும் தெரியும். பிறகு?

மூடி திறந்தபோது குனிந்து பார்த்தேன். இமை பொசுங்குகிற மாதிரி இருந்தது.

நவம்பர் 2, சனி

தீபாவளிக்கு இரண்டு நாள் மூடியிருந்ததை ஈடுகட்ட வேண்டுமாம். கோயில் கலண்டர், நகைக்கடைக் கலண்டர், நல்லதண்ணிக் கடைகளுக்கு மலை யாத்திரை சீசன் தொடங்குமுன் தொதல் இனிப்புப் பெட்டி. மஃறூப் முதலாளி மேசையை விட்டு எழுந்து வந்து மெஷின் பக்கத்திலேயே நின்றார்.

சொல்லிவிட்டேன். "முதலாளி, அந்தக் கம்பிய உள்ளுக்கு மாத்தச் சொல்லுங்க. இது என்னைக்காச்சும் யாராச்சும் கைய சுட்ரும்."

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "தெரியும் மகள். கொழும்பிலேருந்து ஆள் வரோணும், ரெண்டு மூணு நாளைக்கு மெஷின நிப்பாட்டோணும். இப்ப ஏலாது. கலண்டர் முடியட்டும்."

அவர் போனதும் செல்லசாமி அண்ணன், "ஒனக்கு எதுக்கு? நிப்பாட்டுனா ஓட்டி போயிரும்," என்றார். ஓவர்டைமைத்தான் அப்படிச் சொல்வார். மற்றவர்களும் என்னை ஏதோ அவர்கள் தட்டில் கை வைத்தவளைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள்.

எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீட்டில் கூரை ஒழுகினால் வாளி வைக்கிறோம். துரையிடம் சொல்கிறோம், சங்கத் தலைவரிடம் சொல்கிறோம், ஓட்டுக் கேட்டு வருகிறவனிடம் சொல்கிறோம். பிறகு வாளியைக் கொஞ்சம் நகர்த்தி வைக்கிறோம். இங்கேயும் அதே வாளி. எனக்கு எங்கள் ஆட்கள்மேல்தான் ஆத்திரம் வருகிறது. அது சரியா என்று தெரியவில்லை.

நவம்பர் 5

இன்று துணி போட்டது நான். அவசரம் என்றார்கள், போட்டேன்.

நவம்பர் 12, செவ்வாய்

மத்தியானம் தாள் சிக்கியது, பெல்ட்டின் நடுவில், சூடேற்றுகிற கம்பிகளுக்கு நேர் கீழே. முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார். செல்லசாமி அண்ணன் துணியை எடுத்துப் போட்டார். லொக் விட்டது. தனுஷன் மூடியைத் தூக்கிக் கையை விட்டான். தாள் வரவில்லை. இன்னும் உள்ளே விட்டான் —

அவன் கத்தவே இல்லை. "ஸ்" என்றான். வெளியே எடுத்தபோது புறங்கையில் தாள் ஒட்டியிருந்தது. வார்னிஷ் உருகி. யாரோ முட்டாள்தனமாக அதைப் பிடித்து இழுத்தார்கள். தாளோடு தோலும் வந்தது.

முதலாளியே தன் வேனில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். நாங்கள் நின்றோம். பிறகு செல்லசாமி அண்ணன் அந்தத் துணியை எடுத்து, பிழிந்து, ஜன்னலில் காயப்போட்டார். என்ன மனுசன்? எதுக்குப் பிழிஞ்சாரு?

நவம்பர் 17, ஞாயிறு

ஆஸ்பத்திரி. தனுஷனின் வலது கை தலையணைமேல் பஞ்சுப் பொதி மாதிரி கிடந்தது. பக்கத்தில் அவன் அம்மா காளியாயி, தோடம்பழம் உரித்துக்கொண்டு.

"பிள்ளையார் கலண்டரு புள்ள. கையோட ஒட்டிக்கிட்டாரு. ஏதும் நேர்த்தி பாக்கியோ என்னமோ," என்றான்.

"வாய மூடு," என்றார் அவன் அம்மா. என்னைப் பார்த்து, "இவனாத்தான் மூடிய தொறந்தான்னு பேசிக்கிறாங்களே, மெய்யா?" என்றார்.

"யாரு பேசுறாங்க?"

"செல்லசாமி வந்துட்டுப் போனாரு."

தனுஷன் சிரிப்பதை நிறுத்திவிட்டான். தொழில் திணைக்களத்திலிருந்து விசாரிக்க வருகிறார்களாம். அவன் தன்பாட்டில் துணி போட்டுத் திறந்தான் என்று ஆகிவிட்டால் நட்டஈடும் இல்லை, வேலையும் இல்லை. இந்தக் கையை வைத்துக்கொண்டு எவன் வேலை கொடுப்பான்?

நவம்பர் 19

இன்று எல்லோரையும் கூப்பிட்டு செல்லசாமி அண்ணன் சொன்னது: "யாரும் துணி கத பேச வேணாம். அவசரப்பட்டுத் தொறந்துட்டான், அம்புட்டுத்தான். அச்சகத்த மூடிட்டா நீயும் நானும் கொழுந்தெடுக்கவா போறது?" முதலாளி அந்தப் பக்கம் ஒபிஸில் இருந்தார். கேட்டிருக்கும்.

வீட்டில் சொன்னேன். அம்மா நாள் முழுக்க மலையில் நின்று கொழுந்தெடுத்துவிட்டு வந்த கால்களைச் சுடுதண்ணீரில் வைத்திருந்தாள். "நாலு பேரு பொழைக்கிற எடம். நீ ஒருத்தி எதுக்கு நியாயம் பேசணும்?"

"அஞ்சாவது ஆளுக்குக் கை போச்சும்மா."

அன்று அவள் சாப்பிடவும் கூப்பிடவில்லை.

நான் தைரியசாலி எல்லாம் இல்லை. இந்த வேலை போனால் எனக்கும் கொழும்பில் வீட்டு வேலைதான், இல்லாவிட்டால் யாராவது ஒருவன் தலையில் என்னைக் கட்டுவார்கள். தூக்கம் வரவில்லை.

நவம்பர் 21, வியாழன்

மறக்குமுன் எழுதிவிட வேண்டும்.

வந்த அதிகாரி ஒரு சிங்கள அம்மா. அமைதியானவர். தமிழ் தெரியாது. எங்களை வரிசையாக நிறுத்தி, செல்லசாமி அண்ணனை மொழிபெயர்க்கச் சொன்னார்.

அந்த அம்மா சிங்களத்தில் கேட்டது எனக்கு நன்றாக விளங்கியது: துணியைப் போட்டது யார்? அவ்வளவுதான் கேள்வி. துணி விசயம் அவருக்கு எப்படித் தெரியும் என்றே நான் திகைத்துப் போனேன். ஆஸ்பத்திரியில் தனுஷன் சொல்லியிருப்பான்.

செல்லசாமி அண்ணன் எங்கள் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார்: "தனுஷன் துணி போட்டத யாராச்சும் பாத்தீங்களான்னு கேக்குறாங்க."

தனுஷன். அவர் கேட்காத பெயரை இவர் கேள்விக்குள்ளேயே செருகிவிட்டார். யாரும் பொய் சொல்லத் தேவையில்லை. பார்க்கவில்லை என்றால், யாரும் பார்க்காமல் அவனே போட்டுக்கொண்டான் என்று ஆகிவிடும். முதல் ஆள், "பாக்கல," என்றான். அடுத்தவள், "பாக்கலங்க."

என் முறை வந்தது. சந்தையில் பேசுகிற சிங்களம்தான் எனக்கு. அதிலேயே சொன்னேன்.

"எயா தனியம நெவெய் மிஸ். அபி ஹெமோம தெம்மா."

அவன் மட்டும் இல்லை, நாங்கள் எல்லோரும் போட்டோம். அப்புறம் நிறுத்த முடியவில்லை. ட்ரையர் பக்கம் கூட்டிப்போய் வெளியே முடுக்கியிருந்த கம்பியைக் காட்டினேன், வாளியைக் காட்டினேன். அவர் மூடியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, அன்றைக்குப் போட்டது யார் என்று கேட்டார். என்னிடம்தான்.

செல்லசாமி அண்ணன் என்னைப் பார்த்தார். அந்த முகத்தை எனக்குப் பிடிக்கவில்லை. கெஞ்சவும் இல்லை, மிரட்டவும் இல்லை, சும்மா கிழடாகிப்போயிருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள், "மம," என்றார்.

நான்தான் என்று.

முதலாளி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

நவம்பர் 22

சாப்பாட்டு நேரத்தில் என் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. பருப்புக் கறி உப்பு.

டிசம்பர் 10

மெஷின் நான்கு நாள் நின்றது. கொழும்பிலிருந்து வந்தவர் கம்பியை உள்ளே, இருக்க வேண்டிய இடத்தில் பொருத்தினார். மூடிக்கும் புது லொக். இப்போது ஈரத் துணி என்ன, ஆற்றையே மேலே ஊற்றினாலும் திறக்காது. இரண்டு கலண்டர் ஒர்டர் கண்டிக்குப் போய்விட்டது. ஓவர்டைம் இல்லை. எல்லாவற்றுக்கும் காரணம் நான்.

செல்லசாமி அண்ணன் வேலையில்தான் இருக்கிறார். என்னிடம் பேசுவதில்லை. தாளை என் மேசையில் வைக்கும்போது மட்டும் கொஞ்சம் மெதுவாக வைக்கிறார். அப்படி எனக்குத் தோன்றுகிறதோ?

2025 ஜனவரி 4, சனி

"வேல கொறவு மகள். ஒங்கட வேல சுத்தம், எங்க போனாலும் பொழச்சிக் கொள்ளுவீங்க," என்றார் முதலாளி. வேலை குறைந்தது எனக்கு மட்டும். தனுஷனுக்கு ஆஸ்பத்திரி நாட்களின் சம்பளமும் நட்டஈடும் கொடுக்கச் சம்மதித்துவிட்டாராம், அதையும் அவரே சொன்னார், நான் சந்தோசப்பட வேண்டும் என்பது போல. சந்தோசமாகத்தான் இருந்தது. அதுதான் எரிச்சல்.

பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. உட்காராமலேயே வந்தேன்.

ஜனவரி 14

பொங்கல். அம்மா பாலைப் பார்த்துக்கொண்டே, "மஸ்கெலியாவுல ஒரு பொத்தகக் கடையில ஆள் கேக்குறாங்களாம்," என்றாள். அவளாகவே விசாரித்திருக்கிறாள்.

மார்ச் 11, செவ்வாய்

கடையில் கூட்டமில்லை. போட்டோகொப்பி எடுக்க வந்த இரண்டு பள்ளிப் பிள்ளைகள் போனதும் போன் அடித்தது. தனுஷன். மறுபடி வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரமாம்.

"என்ன, வேல நேரத்துல?"

"சும்மாதான் புள்ள. தாள் சிக்கிருச்சு. சூடு எறங்கணும். நிக்கிறோம்."

"முதலாளி?"

"அவரும் நிக்கிறாரு."

கை எப்படி என்று கேட்டேன். மூன்று விரல் மடங்குகிறதாம், மோதிர விரல் மட்டும் சொன்னால் கேட்பதில்லையாம், செல்லசாமி அண்ணன் மாதிரி. பின்னால் அவர் என்னவோ திட்டுவது கேட்டது. மஸ்கெலியாவில் மழையா என்று கேட்டான். இல்லை என்றேன். அங்கே பனி மூட்டமாம். இருவரும் போனை வைக்கவில்லை. அவன் மூச்சு, பின்னால் யாரோ தும்முவது, தேத்தண்ணிக் கோப்பையில் கரண்டிச் சத்தம். மெஷின் சத்தமே இல்லாமல் அந்த இடத்தை நான் கேட்டதே கிடையாது.

கொஞ்ச நேரம் கழித்து 'டக்' என்றது.

"தொறந்துருச்சு, வைக்கிறேன்," என்று வைத்துவிட்டான்.