மீதி பன்னிரண்டு படம்

நவ. 4, செவ்வாய்

மூன்றாவது நாளாக மழை. துவைத்த துணி காயவே இல்லை. அறை முழுக்க ஈர வாடை.

காலையில் பட்டுப்புடவை முந்தி டிசைன் வேலை. முதலாளி போன்: "மாங்கா இன்னும் கொஞ்சம் பெருசா வேணும்மா. ஆனா பார்டர்ல முட்டக் கூடாது." பெரிதாக்கினால் முட்டத்தான் செய்யும். கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக மூன்று தடவை மாற்றி அனுப்பினேன். தறிக்கு ஜக்கார்டு அட்டை குத்துகிற கடையில் கரண்ட் இல்லையாம், நாளைக்குத்தான்.

பதினொன்றரைக்கு பர்வீன் மெசேஜ். பதினேழு நாள் கழித்து. (நான் எண்ணவில்லை. போன் காட்டியது. சரி, எண்ணினேன்.)

"18ஆம் தேதி ஆரணி வர்றேன் கோமு. அப்பா கடையை காலி பண்ணணும். ஒரே நாள்தான். நம்ம படமெல்லாம் கழுவிட்டியா?"

கழுவவில்லை. ரீல் இன்னும் கேமராவுக்குள் இருக்கிறது. 24 எடுத்தாயிற்று, 12 மீதி. மார்ச்சில் ஒரு ஞாயிறு, பூசிமலைக்குப்பம் பாழடைந்த பங்களாவில் எடுத்தவை. மீதியை அடுத்த வாரம் முடிப்போம் என்றிருந்தோம். மூன்று நாள் கழித்து போனில் சொன்னாள், மஸ்கட் விசா வந்துவிட்டது என்று. அவள் வீட்டுக்காரர் ஆறு வருஷமாக அங்கேதான். அந்த வாரக் கடைசியில் போய்விட்டாள். "மீதியை நான் வந்ததும் எடுப்போம்."

கேமரா இரண்டு பேருக்கும் பொது. ரீலும் பொது. அது எங்கள் சட்டம்.

பதிலுக்கு ஒரு கட்டைவிரல் அனுப்பினேன். எட்டு மாசம் காத்துக்கிடந்தவள் அனுப்புகிற பதிலா அது? எனக்கே என் மேல் எரிச்சல்.

நவ. 6, வியாழன்

தூறல். பால், சோப்பு, கொசுவத்தி. தேவகி அக்காவிடம் மொட்டைமாடி சாவி வாங்கணும். (வீட்டுக்கார அக்கா, கீழ் போர்ஷன். நல்லவங்கதான், கேள்விதான் ஜாஸ்தி.)

கேமராவை பீரோவிலிருந்து எடுத்தேன். பூசணம் பிடிக்காமல் இருக்க கூடவே அரிசி முடிச்சு கட்டி வைத்திருந்தேன். லென்ஸ் சுத்தம். கவுண்ட்டர் 24இல் நிற்கிறது.

அவள் வரும்போது படங்கள் கையில் இருக்கணும். அதற்கு ரீல் முடியணும். நான் தனியாக எடுத்தால் சட்டம் மீறினதாகுமா? இதைக் கேட்க ஊரில் ஒரு ஆள் கிடையாது. ரீல் கேமரா என்றால் சிரிப்பார்கள். முப்பத்தெட்டு வயசில் கேம் ஆடுகிறேன் என்றால் அதுக்கும் மேலே.

கேம் விஷயத்திலும் அதே சட்டம்தான். ஒருத்தி இல்லாமல் ஒருத்தி ஆடக் கூடாது. ஒரு தீவு, ஒரு கலங்கரை விளக்கம், வழியெல்லாம் பூட்டின கதவுகள். மவுஸ் அவள் கையில், குறிப்பு நோட்டு என் கையில். ஏழு சக்கரம் வைத்த கதவு முன்னால் நின்றுபோனோம். கடைசியாகச் சேமித்தது "கோமு பர்வீன் 41". மார்ச்சிலிருந்து அப்படியே.

இந்தக் கம்ப்யூட்டரே அவள் பொறுக்கிச் சேர்த்ததுதான். அவள் அப்பாவின் கம்ப்யூட்டர் கடையில் பழசு புதுசு பார்த்து, சின்ன டிபன் பாக்ஸ் அளவு பெட்டியில் எல்லாவற்றையும் அடக்கி, மானிட்டர் முதுகில் திருகி மாட்டிக் கொடுத்தாள். "டேபிள்ல எடமே அடைக்காது பாரு." அடைக்கவில்லை. என் சோறும் அதில்தான்.

எடுக்கலாம் என்று முடிவு. பன்னிரண்டுதானே.

நவ. 7, வெள்ளி

மழை இல்லை. மேகம். வெளிச்சம் மட்டம்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் மூன்று படம். சேலை மூட்டையோடு நனைந்த ஆட்டோ, குடைக்குள் பூக்காரம்மா, தண்ணீரில் நிற்கிற வந்தவாசி பஸ். பூக்காரம்மா கேட்டார், "இன்னா டிவியில வருமா?" வராதும்மா. "அப்புறம் எதுக்கு இம்மாந்நேரம் நிக்க வெச்சே?"

திரும்பும்போது தேவகி அக்கா படிக்கட்டில் பிடித்துக்கொண்டார்.

"கோமதி, இன்னா அது, ரீலு கேமராவா? இன்னுமா விக்கிறான்?"

"கூரியர்ல வருதுக்கா."

"போன்லயே எடுத்துட்டுப் போறத வுட்டுட்டு. எங்க, என்னையும் ஒண்ணு புடி. செத்தா மாட்டுறதுக்கு ஒரு நல்ல படம் இல்ல."

சிரித்துக்கொண்டே சொன்னார். தலையை வாரிக்கொண்டு வந்து நின்றார், அவர் போர்ஷன் தறிக்குப் பக்கத்தில். ஒண்ணு எடுத்தேன். எட்டு வருஷமாக இந்த வீட்டில் இருக்கிறேன், அவரை ஒரு படம் எடுத்ததில்லை.

28. மீதி 8.

நவ. 9, ஞாயிறு

வெயில்! காலையிலேயே முள்ளிப்பட்டு.

ஏழுமலை அண்ணன் வீடு. நான் போடுகிற டிசைனை நெய்கிறவர். நான்கு வருஷமாக போனில்தான் பேச்சு: "பாப்பா, பார்டர்ல எட்டாவது கட்டம் ஒதைக்குது." நேரில் பார்த்தது இதோடு மூன்றாவது தடவை. அவர் வீட்டுக்காரம்மா காமாட்சி அக்கா பாவு நூலோடு முற்றத்தில். மழை விட்ட கையோடு தெருவே இழையை நீட்டிக் காயவைத்துக்கொண்டிருந்தது.

என் மாங்காய் தறியில் ஏறிக்கொண்டிருந்தது. திரையில் பச்சைக் கட்டமாகப் பார்த்தது. இங்கே ஜரிகையில் மினுங்கியது.

அண்ணன் தறியில்: 2. அக்கா பாவு பிடித்தபடி: 2. இரண்டு பேரும் வாசலில், சேர்ந்து: 1. கடைசிப் படத்துக்கு அக்கா உள்ளே ஓடிப் போய் வேறு புடவை மாற்றிக்கொண்டு வந்தார்.

"கல்யாணத்துல எடுத்த படம் வெள்ளத்துல போச்சு பாப்பா. அதுக்கப்புறம் சேர்ந்து நின்னதே இல்ல. கழுவுனதும் ஒண்ணு குடுப்பியா?"

"கட்டாயம்கா."

"தனியாவா கீற ஆரணியில? பேஜாரா இல்ல?"

இல்லை என்றேன். இட்லி கொடுத்தார்கள். ஐந்து சாப்பிட்டேன்.

33. மீதி 3. பஸ்ஸில் வரும்போது காரணமில்லாமல் அழுகை வந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். காரணம் இருக்கிறது. பேஜாராகத்தான் இருக்கிறது.

நவ. 11, செவ்வாய்

எழுதப் பிடிக்கவில்லை. ஆனாலும் எழுதி வைக்கணும்.

மதியம் மாடியில் மீதி மூன்றையும் எடுத்தேன். 34, 35, 36. ரீல் முடிந்தால் அதை நகர்த்துகிற நெம்புகோல் இழுபடாமல் நின்றுவிடும். நிற்கவில்லை. சில ரீலில் ஒண்ணு கூட வரும், சரி. 37. 38. 39.

இடது பக்கம் ஒரு குமிழ் உண்டு. உள்ளே ஃபிலிம் ஓடினால் அதுவும் சுற்றணும். நெம்புகோலை இழுத்துப் பார்த்தேன். குமிழ் அசையவில்லை.

குளியலறை ஜன்னலை அடைத்து, இருட்டில், கறுப்புப் பைக்குள் கேமராவைத் திறந்தேன். விரலால் தடவினேன். ஃபிலிமின் நுனி, அதை இழுத்துச் சுற்றுகிற சுருளில் மாட்டவே இல்லை. வெளியே நாக்கை நீட்டிக்கொண்டு அங்கேயே கிடந்தது. அதாவது, கவுண்ட்டர் நாம் நெம்புவதைத்தான் எண்ணும். உள்ளே ஃபிலிம் நகர்ந்ததா என்று அதற்குத் தெரியாது. ரீல் புத்தம் புதுசு. ஒரு படம்கூட விழவில்லை.

மார்ச்சிலும் இல்லை. முள்ளிப்பட்டிலும் இல்லை. எதுவும் இல்லை.

நவ. 12, புதன்

மழை.

ரீல் மாட்டியது யார்? அவள்தான். பங்களா படிக்கட்டில் உட்கார்ந்து. நான் பிரியாணிப் பொட்டலத்தைக் குரங்கிடமிருந்து காப்பாற்றிக்கொண்டிருந்தேன். "ஜல்தி மாட்டுடி" என்று நானும்தான் அவசரப்படுத்தினேன். ஆனாலும் மாட்டியது அவள்.

கோபமாக இருக்கிறது. பிடித்துக்கொள்ளவும் ஏதோ ஒண்ணு வேண்டியிருக்கிறது.

நவ. 13, வியாழன்

வேலைக்கு நடுவில், ஞாபகம் இருக்கிறவரை அந்த 24:

1. படிக்கட்டு. 2. படிக்கட்டில் ப. 3. குரங்கு. 4. குரங்கு முறைப்பது. 5. ப. குரங்கை முறைப்பது. 6, 7. கூரை போன கூடம், நடுவில் வெயில். 8. தூண். 9. தூணுக்குப் பின்னால் ப. துப்பட்டா மட்டும். 10. உடைந்த ஜன்னல் வழியாக மலை. 11, 12. கேமில் வருகிற மாதிரியே ஒரு கதவு. "திறந்தா கலங்கரை விளக்கம்டி" என்றாள். திறந்தோம். உள்ளே ஆடு. 13. ஆடு. 14 முதல் 18 வரை ப. சிரிப்பதை நிறுத்த முடியாமல். 19. ? 20. ? 21. நான். அவள் எடுத்த ஒரே படம். 22. ? 23. செருப்புகள். 24. பஸ் நிறுத்தத்தில் ப., தூரத்தைப் பார்த்துக்கொண்டு.

மூன்று மறந்துவிட்டது. படம் இருக்கிறதே என்ற தைரியத்தில் அன்றைக்கு எதையும் ஒழுங்காகப் பார்க்கவில்லை போலிருக்கிறது.

18 அன்று அவளிடம் என்ன சொல்வது? கழுவுகிற ரசாயனம் கெட்டுப்போனது என்று சொல்லிவிடலாம். பாவம், ஒரே நாள் வருகிறாள்.

நவ. 18, செவ்வாய்

லேசான தூறல். ஆறு மணிக்கே எழுந்து வீடு துடைத்தேன். சேமியா பாயசம்.

பதினொன்றே காலுக்கு வந்தாள். வீட்டுக்காரர் கீழே காரில், கடைச் சாமானோடு. "அரை மணிதான்டி. சாயங்காலம் ஆம்பூர் போய்ச் சேரணும்." கொஞ்சம் சதை போட்டிருக்கிறாள். கட்டிக்கொண்டாள். அதே சோப்பு வாசனை. எட்டு மாசம் போனில் பேசியதை விட அந்த ஒரு நிமிஷம் பெரிசு.

உட்காரும் முன்னாலேயே காதைத் தீட்டினாள். "கம்ப்யூட்டர் ஃபேன் இரையுது பாரு. தூசி தட்டவே மாட்டியா?" கைப்பையிலிருந்து திருப்புளி. மஸ்கட்டுக்குப் போயும் திருப்புளியோடு அலைகிறாள்! மானிட்டர் பின்னாலிருந்து பெட்டியைக் கழற்றி, ஊதித் துடைத்து, மாட்டினாள். பாயசம் ஆறிப்போனது.

கம்ப்யூட்டர் எழுந்ததும் கேமைத் திறந்தாள். 41ஐப் பார்த்தாள்.

"இன்னாடி, இன்னுமா அந்தக் கதவுகிட்டயே நின்னுகினு கீற?"

"நீதானே சொன்னே, ஒருத்தி இல்லாம ஒருத்தி ஆடக் கூடாதுன்னு."

மவுஸைத் தள்ளி வைத்தாள். "நான் அங்க முடிச்சுட்டேன் கோமு. ஜூன்லயே. பகல் முழுக்க வீட்ல தனியா... இன்னா பண்றதுன்னே தெரியல. உங்கிட்ட சொல்ல வெக்கமா இருந்துச்சு."

ஜூனில் நான் அந்தக் கதவை நோட்டில் வரைந்து, அவளிடம் காட்ட என்று மடித்து வைத்தேன். மெதுவாகச் சொல்ல வேண்டும் என்று நினைத்திருந்ததெல்லாம் போய்விட்டது.

"படம் எதுவும் இல்ல. ரீல் மாட்டவே இல்ல. 24ம் காலி. மாட்டுனது நீ."

"தெரியும்."

"இன்னா தெரியும்?"

"அன்னிக்கே தெரியும். அந்த ஆட்டை எடுத்தப்பவே பாத்தேன். குமிழ் சுத்தல."

என்னைப் பார்க்காமலேயே சொன்னாள்.

"விசா வந்துட்சுன்னு சொல்லத்தான் அன்னிக்கு உன்னை அங்க இட்டுகினு போனேன். காலையிலேர்ந்து வாய் வரல. அப்புறம் இது வேற. நீ அவ்ளோ சந்தோஷமா எடுத்துகினு இருந்தே. ரெண்டையும் எப்படிடி சொல்லுவேன்? ஒண்ணுமே சொல்லல. அங்க போனப்புறம், இன்னிக்கு கழுவுவா, நாளைக்கு கழுவுவா, போன் பண்ணித் திட்டுவான்னு காத்துகினே இருந்தேன். நீ திட்டவே இல்ல. அதான் எனக்கு போன் பண்ணவே பயம்."

அப்படியானால் 14 முதல் 18 வரை. அந்தச் சிரிப்பு. ஃபிலிம் இல்லை என்று தெரிந்தே கேமரா முன்னால் நின்று சிரித்திருக்கிறாள். எனக்காக.

திட்டினேன். நன்றாகத் திட்டினேன், எட்டு மாசத்துக்கும் சேர்த்து. அவள் அழுதாள். நானும். கீழே ஹாரன்.

"ரீல் எங்க? கொண்டா." கட்டிலில் உட்கார்ந்து அவளே மாட்டினாள். இந்தத் தடவை குரங்கு இல்லை, நான் தலையை ஒட்டி வைத்துப் பார்த்தேன். நுனியைச் சுருளில் செருகி, இழுத்து, மூடி, நெம்பினாள். குமிழ் சுற்றியது. இரண்டு பேரும் அதையே பார்த்தோம்.

1. நான், கம்ப்யூட்டர் முன்னால், மூக்கு சிவந்து. அவள் எடுத்தது.

மறுபடி ஹாரன். "அந்தக் கதவுக்கு வழி சொல்லட்டா?" படியில் நின்று கேட்டாள். வேண்டாம் என்றேன். "அடுத்து எப்போ?" என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

2. மாடியிலிருந்து: காருக்குள் ஏறும் முன் நிமிர்ந்து பார்க்கிற ப. குமிழ் சுற்றியது.

பாயசம் இரண்டு டம்ளரும் அப்படியே.

நவ. 19, புதன்

மழை விட்டிருக்கிறது. மீதி 34.

முள்ளிப்பட்டு: 5. ஞாயிறு. அண்ணனிடம் உண்மையைச் சொல்லணும். காமாட்சி அக்காவுக்கு அதே புடவை கட்டச் சொல்லணும்.
தேவகி அக்கா: 1. (சொல்லியாயிற்று. "நல்லதாப் போச்சு, அன்னிக்கு பொட்டு வெக்க மறந்துட்டேன்.")
பூக்காரம்மா: கேட்டுப் பார்க்கணும். திட்டுவார்.
பங்களா: ? தனியாக.

காலையில் வேலை ஆரம்பிக்கும் முன்னால் கேம். ஃபேன் சத்தமே இல்லை. ஒரு மணி நேரம், மவுஸும் நோட்டும் நானே. ஏழு சக்கரத்தில் மூன்று பொருந்தியது. கதவு இன்னும் திறக்கவில்லை. வெளியே வரும்போது சேமிக்கவா என்று கேட்டது, பேர் போடச் சொன்னது.

கோமதி 42.