காலியாக விட்ட அடி

ஜவ்வாது மலை,
தை மாதம், 1959.

மாமாவுக்கு, உங்கள் பச்சையம்மா கும்பிட்டு எழுதச் சொன்னது. எழுதுகிறவர் புளி வாங்க வரும் லத்தீப் பாய். சிறையில் இதைப் பிரித்துப் படிக்கும் ஐயாவுக்கும் கும்பிடு. போன கடிதங்களைப் போல் வைத்துக்கொள்ளாமல் மாமாவிடம் கொடுத்துவிடுங்கள், புண்ணியமாகப் போகும்.

நானும் காளைகளும் சுகம். சாமை நன்றாக விளைந்தது. புளியந்தோப்புக் குத்தகைக்காரர் இன்னும் பூட்டைத் திறக்கவில்லை. "புளி உலுக்குனது எங்க கை, பூட்டுப் போட்டது எவங் கை" என்று சந்தையில் பாடியதற்கு உங்களைப் பிடித்துப் போனார்கள். பாட்டைப் பிடிக்க முடியவில்லை. படவேட்டில் கரும்பு வெட்டுகிறவர்கள் பாடுகிறார்களாம். நீங்கள் பாடும் அடி வரும்போது அவர்களும் சும்மா இருக்கிறார்களாம். பாட்டே அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டார்கள் போல.

நம் வழக்கம் உங்களுக்குத் தெரியாததா? முன்பாட்டுக்காரர் வெளியூரில் இருந்தால் அவர் அடியைக் காலியாக விட்டுப் பின்பாட்டை மட்டும் பாடுவோம். செத்தால்தான் அடி இன்னொருவருக்குப் போகும். ஊர்க்கவுண்டர் துரைக்கண்ணு உங்கள் அடியை அமாவாசையன்று பின்பாட்டுப் பாடும் கோபாலுக்குக் கொடுக்கப் போகிறார். கடுதாசி வராதவனை இன்னும் எத்தினி நாளு உயிரோட வெச்சிக்கிறது என்று என் முகத்துக்கு நேராகக் கேட்டார்.

அதற்கு மறுநாள் களத்தில் சாமை மிதித்தோம். நல்ல வெயில். உங்கள் அடிக்கு எல்லோரும் வாயை மூடினோம். அந்த இடத்தில் உங்கள் குரல் கேட்டது, மாமா. காளைகள் நின்றுவிட்டன. செவலை புளியமரத்தின் பக்கம் தலையைத் திருப்பி வாலாட்டியது. அங்கே யாரும் இல்லை. கோபால், அண்ணன் அடி எனக்கு வாணாம் என்று வீட்டுக்கு ஓடிவிட்டான்.

பாடியது பழைய அடியும் இல்லை. "கதவு தொறந்த சத்தமில்லே, காலு மட்டும் நடக்குதம்மா" என்றது. அதை இங்கே யாரும் முன்பு கேட்டதில்லை.

அது நீங்கள் அங்கே உட்கார்ந்து கட்டிய அடியா? அப்படியானால் அடுத்த அடியை உங்கள் கையால் எழுதி அனுப்புங்கள். கவுண்டர் முன்னால் வைக்கிறேன். அமாவாசைக்குள் வரவேண்டும்.

எழுத முடியாத இடத்தில் இருந்தால், களத்து வெயிலில் நின்றது போதும். கதவைத் திறந்தே வைத்திருக்கிறேன், சோறும் எடுத்து வைத்திருக்கிறேன். எப்படி வந்தாலும் நான் பயப்பட மாட்டேன். உள்ளே வாருங்கள்.

உங்கள் அடியை யாருக்கும் விட்டுக்கொடுக்காத,
பச்சையம்மா